மேடையைக் கேட்டு வாங்கிய நாகசுரம்

முகூர்த்த நாள்களில் திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் கிளியனூரைக் கடந்து செல்வோர், திருமண மண்டபங்களை நோக்கி விரையும் இருவகை இசைக் குழுக்களைக் காணலாம். ஒரு வாகனத்தில் உறையிட்ட நாகசுரமும் தவிலும் இருக்கும். மற்றொன்றில் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் விசைப்பலகையும் பேஸ் கிட்டாரும் அடுக்கப்பட்டிருக்கும். காலையில் மேளம், மாலை வரவேற்பில் மெல்லிசை. கேட்கும் கூட்டம் வேறு, பாட்டு வேறு. ஆனால் இரு வாகனங்களிலும் பேசப்படுபவை ஏறக்குறைய ஒன்றே. மாற்றுத் தந்தி எடுத்தாயிற்றா, மாற்றுச் சீவாளி இருக்கிறதா, மேடையில் இடம் எங்கே, சாப்பாடு எப்போது, மீதிப் பணம் இன்றே கைக்கு வருமா?

மரக்காணம் உப்பளப் பக்கத்திலிருந்து வரும் ஈரக் காற்று கிட்டாரின் எஃகுத் தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும். நாகசுரச் சீவாளியையும் நமுத்துப்போகச் செய்யும். இவை சங்கீதத்தின் விஷயங்கள் அல்ல, தொழிலின் சில்லறைச் சங்கடங்கள் என்று ரசிகர்கள் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கையைவிடச் சிறந்த சான்று தமிழிசை வரலாற்றில் இல்லை. அவருடைய தோடியைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவர் வாசித்த கருவியின் நீளத்தைப் பற்றியும், அமர்ந்த இடத்தின் உயரத்தைப் பற்றியும் எழுதியவர்கள் குறைவு.

1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் பிறந்தவர் ராஜரத்தினம். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனான நாகசுர வித்துவான் திருமருகல் நடேச பிள்ளையின் அரவணைப்பில் வளர்ந்தபோதுதான் ராஜரத்தினம் என்ற பெயர் நிலைத்தது. முதலில் பயின்றது வாய்ப்பாட்டு. நாகசுரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் கற்றார். இந்த வரிசை முக்கியமானது. குழலை வாயில் வைப்பதற்கு முன்பே குரலால் ராகத்தை இழைத்துப் பழகியவர், குரல் செய்யும் அத்தனையையும் குழலும் செய்யவேண்டும் என்று பின்னாளில் பிடிவாதம் பிடித்ததில் வியப்பில்லை.

அன்றைய குழல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்போது பெருவழக்கில் இருந்தது திமிரி நாயனம். ஏறத்தாழ இரண்டடி நீளம். நான்கு, ஐந்து கட்டைச் சுருதி. சுவாமி புறப்பாட்டில் நான்கு வீதிகளுக்கும் கேட்கவேண்டும், ஊர் எல்லையில் இருப்பவனும் திருவிழா தொடங்கிவிட்டதை அறியவேண்டும் என்ற தேவைக்காக அமைந்த கருவி அது. அந்தத் தேவைக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆண் பாடகர் ஒருவர் ஒன்று முதல் இரண்டரைக் கட்டைக்குள் பாடுகிறார். அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் கமகம் கனிகிறது. தோடி போன்ற ராகம் அடியிலிருந்து மெல்ல எழுந்து வருகிறது. திமிரியில் அதே ராகம் வாசிக்கப்பட்டால் உச்சியிலேயே தொடங்கி உச்சியிலேயே முடிந்துவிடும்.

ஆகவே குழலை நீட்ட வேண்டியிருந்தது. திருவாவடுதுறைக்கு அருகிலேயே இருக்கும் நரசிங்கம்பேட்டை, தலைமுறை தலைமுறையாக நாகசுரம் கடையும் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி இருந்தார். வாசிப்பவர் கேட்பதும், செய்பவர் கடைந்து தருவதும், வாசித்துப் பார்த்துத் திருப்பித் தருவதுமாக இருவருக்குமிடையே நடந்த வேலையில் இன்றைய பாரி நாயனம் உருப்பெற்றது. ஏறத்தாழ மூன்றடி நீளம்; இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி.

நீளத்தைக் கூட்டினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. குழல் நீண்டால் விரல் துளைகளின் இடைவெளி அகலும்; விரல்கள் கூடுதலாக விரியவேண்டும். உள்துளையின் சரிவு மாறும். மூச்சின் தேவை கூடும். அதைவிடப் பெரிய தொல்லை சுத்த மத்தியமம். பழைய குழலில் அது தானாகச் சரியாக நிற்காது. வாசிப்பவர் உதட்டாலும் விரலாலும் சமாளித்தாகவேண்டும். தோடியோ சுத்த மத்தியமத்தை நம்பி நிற்கும் ராகம். அந்தச் சுரம் குழலிலேயே சரியாக அமையும்படி துளைகளின் கணக்கை மாற்றியதே ரங்கநாதன் ஆசாரியின் சாதனை. மேலே ஏழு விரல் துளைகள். கீழே பிரம்மசுரம் எனப்படும் ஐந்து துளைகள். கீழ்த்துளைகளை மெழுகால் சிறிது அடைத்தும் திறந்தும் சுருதியைத் திருத்திக்கொள்ளலாம். இத்தனையும் பழுத்து முற்றிய ஆச்சா மரத்தில் நடக்கவேண்டும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களை ஆசாரிகள் தேடிப்போய் வாங்குவதற்குக் காரணம், அந்த மரம் இனிமேல் சுருங்கவோ முறுக்கவோ போவதில்லை என்பதுதான்.

சீவாளியும் அப்படியே. காவிரிக் கரை நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் சீவாளிக்குத் திருவாவடுதுறையே பெயர்பெற்ற ஊர். நாகசுரத்தில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சீர்செய்யும் ஊசியும் கயிற்றில் கோத்துத் தொங்குவதைப் பலர் அலங்காரம் என்றே எண்ணியிருக்கிறார்கள். அது அந்தக் கலைஞனின் கருவிப்பெட்டி. கச்சேரி நடுவில் ஒரு சீவாளி படுத்துவிட்டால், தவில் தனி முடிவதற்குள் மற்றொன்று குழலில் ஏறியிருக்க வேண்டும். மாற்றுத் தந்தி இல்லாமல் மேடையேறும் பேஸ் கிட்டார்க்காரர் இந்தக் கயிற்றை ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.

இதே தலைமுறையில் உலகின் மறுகோடியில் இன்னொருவர் இன்னொரு வகையில் இதே கணக்கைப் போட்டார். கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் வானொலி பழுது பார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. நடன அரங்குகளில் வாசித்த கலைஞர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிவதையும், பிற கருவிகளின் இரைச்சலில் அது கேட்காமல் போவதையும் அவர் கவனித்தார். தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சாரப் பேஸ் கிட்டாரை 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுரத்தைத் துல்லியமாகப் பிடிக்க அதன் கழுத்தில் கட்டைகள் பதித்திருந்தன. அவர் கருவியைச் சுருக்கினார், ராஜரத்தினம் நீட்டினார். தாழ்ந்த சுரம் தெளிவாகக் கேட்கவேண்டும், அதை வாசிப்பவன் அதற்காக வதைபடக் கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

நாகசுரம் தாழ்ந்த சுருதிக்கு வந்ததற்கு ஒலிபெருக்கியும் துணை நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. நான்கு வீதிக்கும் கேட்கவேண்டிய சுமை குழலிலிருந்து இறங்கியபிறகுதான், எதிரே அமர்ந்திருப்பவருக்காக வாசிக்க முடிந்தது.

இந்த மாற்றத்துக்கு விலை இல்லாமல் இல்லை. நாகசுரத்துக்குச் சுருதி கொடுத்துவந்தது ஒத்து. துளைகளை விரல்களால் வாசிக்காமல் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருக்கவேண்டிய குழல் அது. மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே வாயால் ஊதும் அந்த வித்தை எளிதன்று. ஒத்துக்காரரின் மூச்சு தளர்ந்தால் சுருதியும் தளரும். ராஜரத்தினம் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைக் கொண்டுவந்தார். சுருதிப் பெட்டியும் வழக்கத்துக்கு வந்தது. சுருதி நிலைத்தது. ஆனால் குழுவில் ஒருவரின் பிழைப்பு போயிற்று. மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவரின் இடத்தை விசைப்பலகையின் இடக்கை எடுத்துக்கொள்ளும் இன்றைய நிலையைப் பார்ப்பவர்களுக்கு ஒத்துக்காரரின் நினைவு வரவேண்டும். சங்கீதத்துக்கு நன்மை செய்த மாற்றம் என்பதற்காக அந்த இழப்பைக் கணக்கில் எழுதாமல் விடுவது நியாயம் ஆகாது.

கருவிக்கு அடுத்து இடம். இசை வேளாளர் உள்ளிட்ட சமூகங்களிலிருந்து வந்த நாகசுரக் கலைஞர்கள், கோயிலிலும் செல்வந்தர் வீட்டு விசேஷங்களிலும் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியோ நடந்தபடியோ வாசிக்கவேண்டும் என்பது அன்றைய வழக்கம். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடையும் ஜமுக்காளமும் உண்டு. அதே ராகத்தை அவரைவிட நன்றாக வாசிப்பவருக்குப் பந்தற்கால் ஓரம். இதை ராஜரத்தினம் ஏற்க மறுத்தார். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார், பட்டுச் சட்டையும் ஷெர்வானியும் அணிந்தார், காதில் வைரம் மின்னக் காரில் வந்திறங்கினார். மேடை போட்டால்தான் வாசிப்பேன், பாடகருக்குக் கொடுக்கும் மரியாதையும் சன்மானமும் எனக்கும் வேண்டும் என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை.

இதை ஆடம்பரம் என்றும் அகந்தை என்றும் ஏசியவர்கள் உண்டு. அகந்தை இல்லாமலும் இல்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். மூன்றடிக் குழலை நடந்துகொண்டே மணிக்கணக்கில் வாசித்து, அதில் ஒரு ராகத்தை நுணுக்கமாக விரிப்பது மிகக் கடினம். அமர்ந்தால்தான் மூச்சு நிலைக்கும். மூச்சு நிலைத்தால்தான் கீழ்ச்சுரம் நிற்கும். அவர் கேட்ட மேடை தன்மானத்துக்கானது மட்டுமன்று. பாரி நாயனத்தின் தேவையும்கூட. தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மேதை உடன் அமர்ந்து, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்க முடிந்தபோதுதான் நாகசுரக் கச்சேரி என்ற ஒன்று, ஊர்வலத்திலிருந்து பிரிந்து, தனக்கென ரசிகர் கூட்டத்தைப் பெற்றது. தோடி இசைத்தட்டுகளாக வீடுகளுக்குள் நுழைந்ததும் அந்த ரசிகர்களைப் பெருக்கியது.

அவரிடம் பின்பற்றக் கூடாதவையும் இருந்தன. ஒப்புக்கொண்ட கச்சேரிக்குத் தாமதமாக வருவதும், சில வேளைகளில் வராமலே போவதும் அவரைப் பற்றிய கதைகளில் பாதியை நிரப்பியிருக்கின்றன. வாங்கிய பணம் கையில் தங்கியதில்லை. அள்ளிக் கொடுத்தார், அள்ளிச் செலவழித்தார். ரசிகர்கள் இவற்றை மேதையின் விளையாட்டாகச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஜரத்தினம் வராத திருமணத்தில் பதிலுக்கு வாசித்த உள்ளூர்க் கலைஞர் என்ன ஏச்சு வாங்கியிருப்பார் என்பதை அந்தக் கதைகள் சொல்வதில்லை. மேதைக்காக ஊர் காத்திருக்கும். கிளியனூர்ப் பக்கத்து மண்டபத்தில் ஒருமுறை தாமதித்த பேஸ் கிட்டார்க்காரருக்கு அடுத்த அழைப்பு வராது.

1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவி காளமேகமாக ராஜரத்தினம் நடித்தார். படம் அவரை நடிகராக்கவில்லை. நாகசுரக் கலைஞர் ஒருவரைக் கதாநாயகனாக்கிப் படம் எடுக்கலாம் என்ற துணிச்சலைத் தந்தவகையில் அது ஒரு செய்தி. 1947-இல் திருவாவடுதுறை ஆதீனம் தில்லிக்கு அனுப்பிய குழுவில் ஆதீன வித்துவானாகச் சென்று, ஆகஸ்ட் 14 அன்று விடுதலையை வரவேற்று வாசித்தார். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது அந்தக் குழு கொண்டுசென்ற செங்கோலைப் பற்றி நாடே விவாதித்தது. உடன் சென்ற நாகசுரம் அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படவில்லை. பந்தற்கால் ஓரம் இன்னும் முழுவதும் ஒழிந்துவிடவில்லை போலும்.

நாகசுரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் மக்களிடம் நிலைத்தது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு வழங்கப்படவே இல்லை. 1956-இல் அந்த விருது நாகசுரத்துக்கு வந்தது. பெற்றவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. தகுதியானவர், சந்தேகமில்லை. அந்த ஆண்டின் இசைவிழா தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, டிசம்பர் 12 அன்று, ராஜரத்தினம் சென்னையில் காலமாகியிருந்தார். வயது 58.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் பாரி நாயனத்தையும் மேடைக் கச்சேரியையும் திருநெல்வேலிச் சீமைக்கும், 1962-இல் வெளியான கொஞ்சும் சலங்கை படத்தின் வழியாக நாடு முழுமைக்கும் கொண்டுசென்றார். அவரும் 1964-இல், நாற்பத்து மூன்றாவது வயதில் மறைந்தார். இன்று தமிழ்நாட்டில் கச்சேரிக்கு எடுக்கப்படும் நாகசுரம் பெரும்பாலும் பாரிதான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம் கிடைப்பது அரிதாகிவருகிறது. கடைசல் பட்டறைகளும் குறைந்துவருகின்றன. தேவாரத் தலமாகப் போற்றப்படும் கிளியனூர் போன்ற ஊர்களில் பூசைக்கு மோட்டாரில் இயங்கும் மணியும் முரசும் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள். அந்த இயந்திரத்துக்குச் சீவாளி வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மேடையும் வேண்டாம். இன்று மூன்றடிக் குழலோடு வாகனத்தில் ஏறும் இளைஞர் போட்டியிட வேண்டியிருப்பது அதனுடன்தான்.