சித்திர வித்தகர் ஒசாமு தெசுகா

ஜப்பான் தேயத்துச் சித்திரப் படங்கள் நம் கல்லூரி மாணவர் பலர்க்கு இன்று பெருவிருந்தாய் விளங்குகின்றன. அனிமே என்னும் பெயரால் அவற்றை வழங்கி, தாம் கண்டு களித்தவற்றைத் தோழர்க்கும் காட்டி, எது சிறந்தது, எது போற்றுவாரின்றிக் கிடந்தது என்று இரவு நெடுநேரம் வாதிப்போர் உளர். அவ்வாதங்களிற் பெயரளவில் மட்டும் வந்து மறையும் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம். அவர் ஒசாமு தெசுகா என்பார். அதோம் என்ற இயந்திரச் சிறுவனைப் படைத்தவர் என்ற அளவில் உலகம் அவரை அறியும். மேனாட்டார் அச்சிறுவனை ஆஸ்ட்ரோ பாய் என்பர். அவனால் வந்த புகழே தெசுகாவுக்குப் பெரும் பாரமுமாயிற்று. அப்பாரத்தோடு பொருது அவர் தம் இறுதி ஆண்டுகளில் இயற்றிய சிறு படங்களே அவர்தம் படங்களுள் தலையாயன என்பது எம் துணிபு. அவற்றைக் கண்டார் மிகச் சிலரே.

தெசுகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3-ஆம் நாள் ஓசாகாவை அடுத்த டொயோனகாவில் ஜனித்தனர். ஐந்து வயதளவில் அவர் குடும்பம் தகராசுக்கா என்ற ஊரிற் குடியேறிற்று. மகளிரே ஆண் வேடமும் புனைந்து நடிக்கும் நாடக சபையாற் பெயர்பெற்றது அவ்வூர். அன்னையார் சிறுவரை அச்சபைக்கு அடிக்கடி அழைத்துச் செல்வர். தந்தையாரோ வீட்டிலேயே படங்காட்டும் சிறு கருவியொன்று வைத்திருந்தனர். அதன் உதவியால் மிக்கி மவுஸ் படங்களையும் சாப்ளின் நடித்த படங்களையும் பிள்ளைகள் சுவரிற் கண்டு மகிழ்ந்தனர். அக்காலத்து ஜப்பானில் இத்தகைய பேறு எல்லா வீட்டிற்கும் வாய்த்ததன்று.

பள்ளியிலே அவர் மெலிந்த யாக்கையும் சுருண்ட மயிரும் மூக்குக் கண்ணாடியும் ஏனைப் பிள்ளைகளின் ஏளனத்துக்கு இலக்காயின. சித்திரம் வரையுங் கையே அவரைக் காத்தது. குறிப்பேடுகளில் அவர் வரைந்த கதைகளை, எள்ளிய பிள்ளைகளே இரந்து வாங்கிப் படித்தனர். பூச்சிகளைப் பிடித்து ஆராய்வதிலும் அவர்க்கு அடங்கா ஆர்வமிருந்தது. ஒசாமுஷி என்றொரு வண்டினம் ஜப்பானில் உண்டு. தம் பெயர் அதனோடு ஒத்திருத்தல் கண்டு மகிழ்ந்து, பூச்சியைக் குறிக்கும் முஷி என்ற எழுத்தைத் தம் பெயரோடு சேர்த்தெழுதலாயினர். பிற்காலத்துத் தாம் நிறுவிய பட நிலையத்துக்கும் முஷி என்றே பெயரிட்டனர்.

1941-ஆம் ஆண்டு சீன தேசத்தில் வான் சகோதரர் இயற்றிய இரும்பு விசிறி இளவரசி என்னும் நீண்ட சித்திரப் படம் யுத்த காலத்தே ஜப்பானிலும் காட்டப்பட்டது. அது தெசுகாவின் உள்ளத்தைக் கவர்ந்தது. அனிமே விரும்பும் நம் மாணவர் பலர் இதன் பெயரையும் கேட்டிரார், கேளாதது குறையே.

யுத்தம் முற்றியபொழுது மாணவரெல்லாம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தெசுகா ஓசாகாவில் ஓர் ஆயுதச் சாலையில் வேலை செய்தனர். 1945 ஏப்ரல் மாதத்தில், குண்டுகளாற் பாழ்பட்ட அந்நகரத்துக் கொட்டகையொன்றில், கடற்படையார் செலவில் மிட்சுயோ செயோ இயற்றிய மொமொதாரோ என்னும் படத்தைக் கண்டனர். படைக்கு ஆள் சேர்க்கும் பிரசாரத்தின்பொருட்டு எடுக்கப்பட்ட படம் அது. கொட்டகையிற் பார்ப்போர் மிகச் சிலரே. பிள்ளைகளெல்லாம் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். ஆயினும் பிரசாரத்தினூடே புகுந்திருந்த கவிதையையும் மென்மையையும் கண்டு அப்பதினாறு வயதுச் சிறுவர் கண்ணீர் சொரிந்தனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய படமொன்றைத் தாமே இயற்றுவதென்று உறுதி பூண்டனர். அடுத்த ஜூன் மாதத்தில் ஓசாகாவின்மேல் எரிகுண்டுகள் பொழிந்தன. காவற்கோபுரத்தில் நின்றிருந்த அவர் அருகிலும் குண்டு வீழ்ந்தது. அவர் பிழைத்தது அருமை. ஆற்றங்கரையில் அன்று கண்ட பிணங்களை அவர் எஞ்ஞான்றும் மறந்தாரல்லர்.

யுத்த காலத்திலேயே அவர் கைகளிரண்டிலும் கொடிய சரும நோய் பரவிற்று. கைகளையே இழக்க நேருமோ என்றஞ்சிய நிலையில் வைத்தியரொருவர் அதனைத் தீர்த்தனர். இதனால் வைத்தியத் தொழிலின்மேல் மதிப்புற்று, 1945-இல் ஓசாகாப் பல்கலைக் கழகத்து வைத்தியப் பிரிவிற் சேர்ந்தனர். மறு ஆண்டு ஜனவரியிலேயே சிறுவர் பத்திரிகையொன்றில் அவரது சித்திரக்கதை வெளிவரலாயிற்று. 1947-இல் வந்த புதிய புதையற்றீவு என்னும் நூல் நாடெங்கும் விற்பனையாகிச் சிறுவரைப் பித்தேற்றிற்று. சினிமாவிற் காண்பதுபோல அண்மையிலும் சேய்மையிலும் மாறி மாறிக் காட்சிகளை அமைத்த முறையே அதன் கவர்ச்சிக்குக் காரணம்.

இங்ஙனம் பகலில் வைத்தியமும் இரவிற் சித்திரமுமாய் இரு தோணியிற் கால் வைத்தவர், எதனைக் கைவிடுவதென்று அறியாது அன்னையாரை வினவினர். எது அவர்க்கு உண்மையில் விருப்பமோ அதனையே செய்யுமாறு அவ்வம்மையார் விடை தந்தனர். அக்காலத்துத் தாய்மாருள் இவ்வாறு சொல்லத் துணிந்தோர் எத்தனை பேர்! தெசுகா 1951-இற் படிப்பை முடித்து, அரசினர் வைத்தியத் தேர்விலும் தேறிப் பின்னரே சித்திரத்தைத் தொழிலாகக் கொண்டனர். பாதியில் விட்டோடினாரல்லர் என்பதை, தேர்வுக்கு அஞ்சிக் கலையின்மேற் பழியைப் போடும் மாணவர் கவனிப்பாராக. 1961-இல் நத்தையினத்தின் விந்தணுக்களை ஆராய்ந்து நாரா வைத்தியக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் பெற்றனர்.

1950-இல் வெள்ளைச் சிங்கக் குட்டியின் கதையாகிய காட்டு வேந்தனும், 1952-இல் அதோமும், 1953-இல் ஆணுடை புனைந்து வாளேந்தும் இளவரசியின் கதையும் பத்திரிகைகளிற் றொடங்கின. இவையெல்லாம் மங்கா என வழங்கும் சித்திரக்கதைகள். அதோமின் கதை, மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர் அவன் சாயலில் இயந்திரச் சிறுவனைச் செய்து, அவன் வளராமை கண்டு வெறுத்து விற்றுவிடுதலோடு தொடங்குகிறது. வலிமையைப் புகழுங் கதையென இதனை நினைப்போர் கதையைப் படியாதவரே. மனிதனாலும் இயந்திரத்தாலும் தன்னவனென்று முற்றும் ஏற்கப்படாத பிள்ளையின் துயரமே அதன் உள்ளீடு.

கதைகளால் வந்த பொருளையெல்லாம் தெசுகா சித்திரப் படத்திற் கொட்டினர். 1960-இல் தோயே நிலையத்தார் அவரது கதையொன்றைப் படமாக்கியபொழுது அவர் விரும்பிய துயர முடிவை அவர்கள் ஏற்கவில்லை. தமக்கெனவே நிலையம் வேண்டுமென்ற எண்ணம் உறுதிப்பட, 1961-இல் தொக்கியோவில் தம் இல்லத்தருகே தொழிலைத் தொடங்கினர். முஷி நிலையம் எழுந்தது இவ்வாறே. அதன் முதற் படைப்பு 1962-இல் வெளிவந்த ஒரு தெருமுனையின் கதை. ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் இப்படத்திற் பேச்சில்லை. சுவரில் ஒட்டிய விளம்பரத் தாள்கள், ஒரு தெருவிளக்கு, மரமொன்று, எலிக்குஞ்சு, சிறுமி தவறவிட்ட கரடிப் பொம்மை ஆகிய இவையே பாத்திரங்கள். சுவரிலுள்ள வயலின் வாசிப்போனும் பியானோ வாசிப்பவளும் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர். சர்வாதிகாரியின் உருவம் பொறித்த தாள்கள் வந்து அவர்களை மூடுகின்றன. பின் குண்டுகள் விழுகின்றன. ஓசாகாவின் நெருப்பைக் கண்டவர் கை இதனுள் இருத்தலை எவரும் உணர்வர். மாயினிச்சிப் பத்திரிகையார் நோபுரோ ஓபுஜியின் பெயரால் அவ்வாண்டு ஏற்படுத்திய விருது முதன்முதல் இதற்கே கிடைத்தது.

ஆனால் இப்படத்தோடு உடன்பிறந்தது வேறொன்று. 1963 ஜனவரி முதல் நாள் அதோம் தொலைக்காட்சியில் உலவத் தொடங்கினன். வாரந்தோறும் அரைமணி நேரப் படம்! அத்தகைய முயற்சி கைகூடாதென்றே அறிந்தோர் கூறினர். திரையில் ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள் ஓடவேண்டும். நுட்பமாக இயற்றுவோர் விநாடிக்குப் பன்னிரண்டேனும் புதிதாக வரைவர். அம்முறையில் அரைமணிக்குப் பதினாயிரத்துக்கு மேல் வரைய நேரிடும். தெசுகா ஒரே சித்திரத்தை மும்முறை படம் பிடித்து, விநாடிக்கு எட்டாகக் குறைத்தனர். பேசும்பொழுது வாய் மட்டும் அசையும், உடல் அசையாது. ஓடுதல், பறத்தல் முதலியவற்றுக்கு ஒருமுறை வரைந்தவற்றைச் சேர்த்து வைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். இச்சேமிப்புக்கு வங்கி என்றே பெயர். இயக்கத்தில் நேர்ந்த வறுமையைக் கதையின் வளத்தால் மறைத்தனர். படத்தை அவர் விற்ற விலையோ அடக்கத்துக்கும் குறைந்தது. குறையை ஈடுசெய்யத் தம் சித்திரக்கதை வருவாயையும், அதோமின் உருவைப் பண்டங்களிற் பொறிக்கும் உரிமையால் வந்த பொருளையும் ஈந்தனர்.

நாடெங்கும் பிள்ளைகள் அதோமின்மேற் பைத்தியங்கொண்டனர். 1964-இல் நூற்றுக்கு நாற்பது வீட்டுக்கு மேல் அதனைக் கண்ட வாரமும் உண்டு. அமெரிக்காவிலும் அஃது 1963-லேயே காட்டப்பட்டது. 1966 முடியும்வரை 193 பகுதிகள் வந்தன. ஏனை நிலையத்தாரும் அதே முறையையும் அதே மலிவையும் பின்பற்ற நேர்ந்தது. உறக்கமின்றி உழைத்துக் குறைந்த கூலி பெறும் ஓவியர் கூட்டமொன்று இங்ஙனம் உருவாயிற்று. தெசுகா மறைந்த 1989-இலேயே, சித்திரக்கதையில் அவர் பெருமையை ஒப்புக்கொண்ட ஹயாவோ மியசாக்கி, சித்திரப் படத்துறையில் அவர் செய்ததனைக் கடுமையாகக் கண்டித்தெழுதினர். அக்கண்டனத்தில் உண்மையுண்டு, முழு உண்மையன்று. வருவாய்க்குப் பிற வழிகளும் இருந்தமையால் விலைக் குறைவொன்றே ஓவியரின் வறுமைக்குக் காரணமெனல் பொருந்தாது. அன்றியும் அதோம் இல்லையேல் வாராவாரம் நாம் காணும் படங்களுள் எது பிறந்திருக்கும்? வாயில் திறந்தவரே வாயிலைத் தாழ்வாகவும் அமைத்துவிட்டார் என்பதே எம் கருத்து.

1965-இல் வெள்ளைச் சிங்கத்தின் கதை வர்ணத்தில் வந்தது. 1969-இலும் 1970-இலும் முதியோர்க்கான நீண்ட படங்கள் வந்தன. நிலையமோ கடனில் ஆழ்ந்தது. 1971-இல் தெசுகா அதன் தலைமையை விட்டனர். 1973 நவம்பரில் அது முறிந்தது. அவர் காலம் முடிந்ததென்றே பத்திரிகையுலகிற் பலர் எண்ணினர். அதே மாதத்தில், உரிமச்சீட்டில்லாத சத்திர வைத்தியர் ஒருவரைப் பற்றிய பிளாக் ஜாக் என்ற கதையைத் தொடங்கி, இழந்த இடத்தை மீண்டும் பெற்றனர். கைவிட்ட வைத்தியம் கைகொடுத்தது. கௌதம புத்தரின் வாழ்க்கையை 1972 முதல் 1983 வரை சித்திரக்கதையாக வரைந்ததும் அவரே.

இனி நாம் முதலிற் குறித்த சிறு படங்களுக்கு வருவோம். எவரும் கேளாமல், இலாபம் கருதாமல், பெரும்பாலும் தம் பொருளைச் செலவிட்டு அவர் இயற்றியவை இவை. 1984-இல் வந்த குதித்தல் ஆறு நிமிடப் படம். கிராமத்துச் சாலையிற் குதித்துச் செல்லும் சிறுவனொருவனின் கண்ணாலேயே யாவும் காண்கிறோம். அவனை நாம் காண்பதேயில்லை. குதிப்பு வரவர உயர்கிறது. கார்களையும், மாடிகளையும், காட்டையும், கடலையும் தாண்டி, போர்க்களத்தில் விழுந்து, நரகத்துட் புகுந்து, மீண்டும் அச்சாலைக்கே வருகிறோம். இடையில் வெட்டேயில்லாத ஒரே காட்சி. விநாடிக்கு எட்டெனச் சிக்கனம் செய்தவர் இங்கே ஆறு நிமிடத்துக்கு நாலாயிரம் அளவில் வரைவித்தனர்! ஸாக்ரேப் நகரத்து விழாவில் அவ்வாண்டே இதற்கு முதற்பரிசு கிடைத்தது. மறு ஆண்டு ஹிரோஷிமாவில் முதன்முதல் நடந்த சர்வதேச விழாவிற் சிதைந்த படம் என்ற நகைச்சுவைப் படம் முதற்பரிசு பெற்றது. பழுதடைந்த பழம் பிலிமிலே அகப்பட்ட கதாநாயகன், திரையிலுள்ள கீறல்களோடும் தவறி நிற்கும் சட்டங்களோடும் போராடுகிறான். இதனைக் கண்டு சிரியாதவர் எதற்கும் சிரியார். தெசுகாவைப் புதிதாகக் காண்போர் இவ்விரண்டிலிருந்தே தொடங்குக.

இவற்றினும் மேலானது 1987-இல் முடிந்த வனத்தின் கதை. சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனிக்கு இயைய நான்கு பகுதிகளாக அவர் வகுத்தது. முதலாவதும் நான்காவதுமே முற்றுப்பெற்றன. முதற்பகுதி, மரம் வெட்டுவோனை எதிர்க்கும் பறக்கும் அணிலின் கதை. கறுப்பு வெள்ளையான அசையாச் சித்திரங்களிற் றொடங்கி, முன்னோரின் முறைகளை ஒவ்வொன்றாய்க் கையாண்டு வர்ணத்துக்கு ஏறுகின்ற வகையில், இக்கலையின் சரித்திரமே அதனுள் ஓடுகிறது. நான்காம் பகுதியில் வனத் தேவதைகளும் குள்ளரும் டிஸ்னியின் முறையிற் குழைந்து நெளிந்து இயங்குகின்றனர். வனத்தை அழிக்க இயந்திரங்களோடு வருவோர் மட்டும் விறைத்த உடலும் வெட்டி வெட்டி நகரும் அசைவுமாய், மலிந்த தொலைக்காட்சிப் படத்து முறையிலேயே வரையப்பட்டிருக்கின்றனர். அம்முறையை நாட்டிற் பரப்பியவர் யாரென்பதை மறவாதீர். தம்மேல் உலகம் சுமத்திய குற்றத்தைத் தாமே எடுத்து, தாமே நீதிபதியும் எதிரியுமாய் நின்று விசாரித்த கலைஞர் வேறெவரையும் யாம் அறியோம்.

1988 நவம்பரில், நோய்ப்பட்ட உடம்போடு, ஷாங்காய் நகரத்துச் சித்திரப்பட விழாவுக்குச் சென்று மீண்டனர். வயிற்றிற் புற்றுநோய் முற்றியிருந்தது. அக்காலத்து வழக்கப்படி நோயின் பெயரை அவர்க்கு அறிவித்தாரில்லை. படுக்கையிலும் மூன்று தொடர்கதைகளை வரைந்துகொண்டிருந்தனர். நினைவு தப்பித் தெளியுந்தோறும் பென்சிலையே கேட்டனர் என்பர். 1989 பிப்ரவரி 9-ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், தொக்கியோ நகரத்து வைத்தியசாலையில் உயிர் நீத்தனர். வனத்தின் கதையின் இரண்டாம் பகுதியை அவர் மைந்தர் மக்கோத்தோ, தந்தையார் விட்டுச் சென்ற குறிப்புகளைக்கொண்டு 2014-இல் முடித்து ஹிரோஷிமா விழாவிற் காட்டினர்.