வீரத்தாய் சிபில் கார்த்திகேசு

நம் பினாங்குத் தீவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து சென்றால் எதிர்க்கரையில் சுமத்திராத் தீவு இருக்கிறது. அத்தீவின் மேடான் நகரில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. தந்தையார் ஜோசப் டேலி அயர்லாந்து வழிவந்த யுரேசியர். தோட்டத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். தாயார் பியட்ரிஸ் பிரெஞ்சு வழிவந்த யுரேசியர், மருத்துவச்சி. பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்துக் குழந்தைக்குச் சிபில் மேடான் டேலி என்று பெயரிட்டனர்.

அப்படியிருக்க, அவருக்குத் தமிழ்ப் பெயர் எவ்வாறு வந்தது என்று மாணவர்கள் கேட்கலாம். தாயாரின் வழியைப் பின்பற்றிச் சிபில் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். தைப்பிங்கில் பிறந்த தமிழரான மருத்துவர் ஆறுமுகம் கணபதி பிள்ளை அவரை மணக்க விரும்பினார். அவரோ இந்து, சிபில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பெற்றோர் முதலில் தயங்கினர். பின்னர் மனம் இசைந்தனர். 1919-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் கோலாலம்பூர் புக்கிட் நானாசிலுள்ள புனித ஜான் தேவாலயத்தில் திருமணம் நிகழ்ந்தது. மருத்துவர் பின்னர் ஏ. சி. கார்த்திகேசு என்னும் பெயரால் அறியப்பட்டார். அப்பெயரையே அம்மையாரும் ஏற்றார்.

தலைப்பிள்ளை மைக்கேல் பிறந்து ஒரு நாள்கூட வாழவில்லை. போரில் மாண்ட தம் தமையனின் பெயரைத்தான் சிபில் அக்குழந்தைக்கு இட்டிருந்தார். துயரில் ஆழ்ந்த மகளைத் தேற்றுவதற்குத் தாயார் ஒரு வழி கண்டார். அதன்படி வில்லியம் என்னும் சிறுவனை அவர்கள் மகனாக ஏற்று வளர்த்தனர். 1921-இல் ஓல்கா பிறந்தாள். நெடுநாள் கழித்து 1936-இல் கடைக்குட்டி டோன் பிறந்தாள்.

1926-ஆம் ஆண்டு தொடங்கி ஈப்போ நகரின் புருவ்ஸ்டர் சாலையில் கணவரும் மனைவியும் மருந்தகம் நடத்தினர். அம்மையார் கன்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஆதலால் சீனப் பெண்கள் தங்கள் நோயைக் கூச்சமின்றி அவரிடம் சொல்ல முடிந்தது. நோயாளியின் மொழி அறிந்த தாதி பாதி மருந்துக்குச் சமம் அல்லவா? குடும்பம், மருந்தகம், தேவாலயம் என்று அவருடைய வாழ்க்கை அமைதியாக நடந்தது. போர் வராமலிருந்தால் அப்படியே நடந்திருக்கும்.

1941 டிசம்பர் 11-ஆம் நாள் சப்பானிய விமானங்கள் நம் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. அடுத்த சில நாட்களில் ஈப்போவும் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. கார்த்திகேசு குடும்பத்தார் அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பெருஞ்சாலையின் 74-ஆம் எண் வீட்டில் மீண்டும் மருத்துவப் பணி தொடங்கியது.

மலைக்காடுகளில் சப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் படையினர் பதுங்கியிருந்தனர். குண்டடிபட்டும் காய்ச்சலில் வாடியும் அவர்கள் இருளில் பின்வாசல் வழியாக வந்தார்கள். அம்மையார் காயங்களுக்குக் கட்டுப்போட்டார், மருந்தும் கொடுத்தனுப்பினார். அதோடு நிற்கவில்லை. படிக்கட்டின் அடியில் வானொலிப் பெட்டி ஒன்றை மறைத்து வைத்து, இலண்டன் செய்திகளைக் கேட்டு நம்பிக்கையானவர்களுக்குக் கூறி வந்தார். சப்பானியரின் சட்டத்தில் இது பெருங்குற்றம்.

1943-ஆம் ஆண்டு கெம்பித்தாய் என்னும் இராணுவக் காவல்படை முதலில் மருத்துவரைப் பிடித்தது. சில நாட்களில் அம்மையாரும் பிடிபட்டார். தப்பிக் காட்டுக்குள் ஓடிவிட அவருக்கு வழி இருந்தது. ஓடினால் குடும்பத்தாரும் ஊராரும் துன்புறுவர் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் பட்ட வதைகளை எல்லாம் இங்கே எழுதுவது முறையன்று. சிறுவர்கள் படிக்கும் ஏடு இது. நகங்கள் பிடுங்கப்பட்டன, முதுகெலும்பு சிதைந்தது, தாடை எலும்பு உடைந்தது என்று மட்டும் சொல்வோம். காட்டுப் படையினர் யார், உதவியவர் யார் என்று ஓயாது கேட்டனர். அவர் சொல்லவில்லை.

ஒரு நாள் சிறுமி டோனைக் கொண்டுவந்து மரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டனர். கீழே தீ மூட்ட ஏற்பாடு நடந்தது. தாயாரை எதிரே கட்டி வைத்து அடித்தனர். பெயர்களைச் சொன்னால் மகள் பிழைப்பாள். சொன்னால் பலருடைய வீட்டுப் பிள்ளைகள் மடிவார்கள். அச்சிறு மகளோ, தாயைப் பேசச் சொல்லி மன்றாடவில்லை. தாயார் இறைவனை வேண்டியபடி வாய்மூடி நின்றார். அந்நேரம் அங்கு வந்த சப்பானிய அதிகாரி ஒருவர் அக்கொடுமையை நிறுத்தினார். குழந்தை உயிருடன் இறக்கப்பட்டாள். அந்தச் சில நிமிடங்களில் அத்தாயின் உள்ளம் பட்ட பாட்டைச் சொல்ல நமக்கு ஆற்றல் இல்லை.

பின்னர் அம்மையார் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார். 1945-இல் நடந்த விசாரணையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கணவரும் வளர்ப்பு மகன் வில்லியமும் தண்டனை பெற்றனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சப்பான் சரணடைந்தது. சிறைக்கதவு திறந்தபோது அம்மையாரால் எழுந்து நடக்க இயலவில்லை.

மருத்துவத்திற்காக அவர் வானூர்தி வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே தம் நினைவுகளை எழுதலானார்; அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1954-இல் வெளிவந்தது. வீரச் செயலுக்குரிய ஜார்ஜ் பதக்கத்தை ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு வழங்கினார். ஆயினும் தாடையில் பட்ட பழங்காயம் ஆறவில்லை. நஞ்சு இரத்தத்தில் பரவியது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அவர் உயிர்நீத்தார். வயது 48. பேரப்பிள்ளைகள் சூழ முதுமை காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் நல்லடக்கம் செய்தனர். ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது. பாப்பான் வீடு நினைவில்லமாக ஆக்கப்பட்டது. அவருடைய கல்லறை இருப்பது, அவரும் கணவரும் மருந்தகம் நடத்திய அதே புருவ்ஸ்டர் சாலையில்தான். இன்று அதற்குச் சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர்.