சட்டமன்றத்தில் ஒலித்த முதற் பெண்குரல்

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நம் ஓமலூர்த் தொகுதி மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறோம். தேர்தல் நாட்களில் சுவரெங்கும் சின்னங்கள், தெருவெங்கும் ஒலிபெருக்கிகள். ஆனால் தேர்தல் ஓய்ந்தபின், 234 பேருள் ஒருவராக அவர் அவையில் அமர்ந்து ஆற்றும் பணி யாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதனை ஓர் அம்மையாரின் வாழ்க்கை வாயிலாக அறிந்துகொள்வது நமக்கு எளிதாகவும் இனிதாகவும் இருக்கும். அவர்தாம் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறு பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, பின்னர் அவர்கள் வாழ்வு சீரழியக் காரணமான கொடிய வழக்கம் அந்நாளில் வேரூன்றியிருந்தது. அத்துயரை நூல்களில் படித்து அறியவேண்டிய நிலை அம்மையாருக்கு இல்லை. தம் உறவினரிடையிலேயே கண்டார்.

பெண் படித்தால் ஊர் நகைக்கும் காலம் அது. ஆயினும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆடவருடன் அமர்ந்து படிக்க மன்னரே இசைவு தந்தார். பின்பு 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் பணிக்குத் தடை சொல்லலாகாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே மணத்திற்கு இசைந்தார் என்பது நம் பெற்றோரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்து மேலும் பயில 1925இல் இலண்டன் சென்றார்.

இனி, அவைக்குள் நுழைவோம். சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1921ஆம் ஆண்டில். அதுவும் சொத்தும் வரியும் உடைய சிலருக்கே கிட்டியது. உறுப்பினராகும் உரிமை 1926இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா அம்மையார் சொற்ப வாக்குகளில் தோற்றார். எனவே பெண்களின் குரல் அவையில் ஒலிக்க வேண்டுமென்று மாதர் சங்கத்தார் வேண்ட, அரசு முத்துலட்சுமி அம்மையாரை உறுப்பினராக நியமித்தது. 1927இல் அவையில் அடியெடுத்து வைத்தவரை, உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அத்தனை ஆடவர் நடுவே அமர்ந்திருந்த ஒரே பெண்ணுக்கு இப்பெருமை கிட்டியது! அப்போது முதலமைச்சராக இருந்தவர் நம் சேலம் சீமையைச் சேர்ந்த, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து டாக்டர் சுப்பராயன் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

துணைத் தலைவர் இருக்கை அழகுக்காக இடப்பட்டதன்று. அவைத் தலைவர் இல்லாத வேளையில் அவையை நடத்துபவர் அவரே. நம் வகுப்பில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் பேசினால் பாடம் நடக்குமோ? அவ்வாறே அவையிலும் தலைவர் அழைத்தவரே பேசவேண்டும். தலைவரை விளித்தே பேசவேண்டும். இன்றைய சட்டமன்றத்தில் இப்பொறுப்பு சபாநாயகருக்கும் துணைச் சபாநாயகருக்கும் உரியது. அவையை நடத்துபவர் எந்தப் பக்கமும் சாராதிருக்கவேண்டும் என்பதற்காக அவர் பொதுவாக வாக்களிப்பதில்லை. இருபுறமும் வாக்குகள் சமமானால் மட்டுமே தம் வாக்கை அளித்து முடிவு செய்வார். உறுப்பினருள் பத்தில் ஒரு பங்கினராவது வந்திருந்தால்தான் அவை நடக்கும். பத்தில் ஒரு பங்கு பத்துப் பேருக்கும் குறைவாக உள்ள சிறு அவைகளில் பத்துப் பேரேனும் வந்திருக்கவேண்டும்.

அம்மையார் தாம் பெற்ற இடத்தை எவ்வாறு பயன்படுத்தினார்? ஏழைப் பெண்களின் கல்வி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை, குழந்தை மணத் தடுப்பு எனப் பலவற்றை அவையில் எழுப்பினார். எல்லாவற்றிலும் முதன்மையாக அவர் மேற்கொண்டது, பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிப்பதே.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். அவையில் நிறைவேறுவன எல்லாம் சட்டமாகிவிடா. தீர்மானம் என்பது அரசுக்கு அவை கூறும் பரிந்துரை. மசோதா என்பது சட்டத்தின் முன்வரைவு. அதனை அவையில் முன்வைக்க வேண்டும், விவாதிக்க வேண்டும், தேவையானால் ஒரு குழுவிடம் ஒப்படைத்து ஆராய வேண்டும், பிரிவு பிரிவாக வாக்கெடுக்க வேண்டும், முடிவில் ஆளுநரின் ஒப்புதலைப் பெறவேண்டும். அதன்பின்னரே அது சட்டம். அமைச்சர் மட்டுமின்றிச் சாதாரண உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம்.

அம்மையார் இப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். 1927இல் இவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்ற தீர்மானத்தை அவை ஏற்கச் செய்தார். நேர்ந்துவிடப்பட்ட பெண்களின் குடும்பங்கள் கோயில் ஊழியம் செய்வதற்காக மானிய நிலங்களைப் பெற்றிருந்தன. ஊழியத்தை விட்டால் நிலம் பறிபோகும். நிலத்தை இழந்தால் சோறு ஏது? இந்த முடிச்சை அவிழ்க்காமல் தடைச் சட்டம் மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். ஆகவே, ஊழியம் இன்றியே அந்நிலங்கள் அப்பெண்களிடம் நிலைக்கும் வகையில் அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை 1929இல் நிறைவேற்றச் செய்தார். மருத்துவர் அல்லவா! நோயின் வேரை நாடிப் பார்த்து மருந்து கொடுத்தார். அதன்பின், நேர்ந்துவிடுதலையே தடை செய்யும் மசோதாவை 1930இல் அவையில் வைத்தார்.

அந்நேரத்தில்தான் அவர் மனம் இரண்டுபட்டது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் 1930 மே மாதம் கைது செய்யப்பட்டார். நாடே கொந்தளித்தது. அடிகளைச் சிறையிலிட்ட அரசு நியமித்த இருக்கையில் அமர்ந்திருக்க அம்மையாரின் மனச்சாட்சி இடந்தரவில்லை. இருக்கையைத் துறந்தால், தம் உயிரினும் மேலாகக் கருதிய மசோதாவை யார் முன்னெடுப்பார்? துறவாவிடில், நாட்டுக்கு எதிரில் எவ்வாறு தலைநிமிர்வது? அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதா நிறைவேறாமல் நின்றது.

அவர் செய்தது சரியா? மாணவியரே, நாம் எளிதில் விடை கூற இயலாது. சட்டம் தாமதித்த ஒவ்வோர் ஆண்டும் சில சிறுமிகளின் வாழ்வு அதற்கு விலையாயிற்று. இதனை அம்மையாரும் அறியாதவர் அல்லர். ஆகவே பதவி போனபின் அவர் வாளாவிருக்கவில்லை. அடைக்கலம் தேடித் தம் வீட்டுக் கதவைத் தட்டிய இளம் பெண்களை ஏற்றுக்கொண்டார். அவ்வாறு 1930களின் தொடக்கத்தில் பிறந்ததே ஒளவை இல்லம். இன்றும் அது சென்னை அடையாற்றில் பெண் குழந்தைகளுக்குத் தாய்மடியாக விளங்குகிறது. அவைக்கு வெளியே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர் ஊராகச் சென்று இக்கொடுமையை எதிர்த்துப் பரப்புரை செய்தனர்.

இதற்கிடையே அவையும் மாறியது. 1937 முதல் சென்னை மாகாணத்தில் சட்டசபை என்ற கீழவையும் சட்டமேலவையும் என ஈரவைகள் அமைந்தன. வாக்காளர் நேரே தேர்ந்தெடுத்த 215 பேர் கொண்ட கீழவையின் துணைச் சபாநாயகராக ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் விளங்கினார். முத்துலட்சுமி அம்மையார் திறந்த கதவின் வழியே அடுத்த பெண்மணி நுழைந்தார். இறுதியாக 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது தேவதாசி முறையைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அந்த அமைச்சரவையில் நம் டாக்டர் சுப்பராயனும் இருந்தார். அம்மையார் மசோதாவை வைத்த நாளிலிருந்து 17 ஆண்டுகள் கடந்திருந்தன!

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை காண ஓயாது உழைத்தார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளர் அங்கே நாடி வருகின்றனர். 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22இல் மறைந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. நம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளும் தாய்மார் பலர், யாருடைய பெயரால் அவ்வுதவி வருகிறது என்பதை அறியாமலே பெற்றுச் செல்கின்றனர்.

நற்செய்தியில் ஓர் ஏழைக் கைம்பெண் வருகிறாள். நீதி வழங்க மனமில்லாத நடுவனிடம் ஓயாமல் சென்று முறையிட்டு, முடிவில் நீதியைப் பெறுகிறாள். முத்துலட்சுமி அம்மையார் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அக்கைம்பெண்ணின் விடாமுயற்சியை அவர் வாழ்வில் காண்கிறோம். மனத்தில் எழும் இரக்கம் நல்லது. அவ்விரக்கம் தீர்மானமாகி, மசோதாவாகி, வாக்கெடுப்பில் வென்று சட்டமாகும்போதுதான் நாம் காணாத ஊரில் உள்ள சிறுமிக்கும் அது காவலாகிறது.

தமிழகத்தில் 1986இல் மேலவை நீக்கப்பட்டது. ஆகவே இன்று நமக்குச் சட்டம் இயற்றுவது சட்டப்பேரவை ஒன்றே. அங்கே நடப்பதைச் செய்தித்தாளில் கருத்தூன்றிப் படிப்போம். என்ன மசோதா வந்தது, நம் தொகுதியின் உறுப்பினர் என்ன பேசினார் என்று வீட்டில் பெற்றோரிடம் கேட்போம். பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்குச்சாவடிக்குத் தவறாமல் செல்வோம். நம்முள் ஒருத்தி ஒருநாள் அவ்வவைக்கே செல்லவும் கூடும், இறைவன் அருள்க!