புயலில் பயந்த போதகர்



கிறிஸ்துவுக்குள் பிரியமான சபை விசுவாசிகளே, இந்த மாதம் ஒரு தேவ மனிதருடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு முன் என்னைப் பற்றிய ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

நான் இரட்சிக்கப்பட்டு 22 வருஷம் ஆகிறது. வீட்டு ஜெபக் கூட்டம் நடத்துகிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்த்து, பயப்படாதீங்க, கர்த்தர் இருக்கிறார் என்று சொல்லி எத்தனையோ பேருக்கு ஜெபித்திருக்கிறேன். ஆனால் போன மாதம் டாக்டர் என்னையே எதிரில் உட்கார வைத்து, வயிற்றில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும் என்றபோது என் கை நடுங்கிப்போச்சு. அன்று ராத்திரி தூக்கமே வரலை. கட்டியைவிட அந்தப் பயம்தான் எனக்கு வேதனையாக இருந்தது. இத்தனை வருஷ விசுவாசம் எங்கே போச்சு? வெட்கத்தில் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. ஜான் வெஸ்லியின் சரித்திரத்தைப் படிங்க பிரதர் என்று மட்டும் சொன்னார். படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜான் வெஸ்லி 1703ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் அந்த ஊர் குருவானவர். தாயார் சூசன்னா பெற்றது 19 பிள்ளைகள். பாதிப் பேர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். 1709 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு அவர்கள் வீடு தீப்பிடித்தது. எல்லாரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஐந்து வயது ஜான் மாடியிலேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோளின்மேல் இன்னொருவர் ஏறி நின்று, ஜன்னல் வழியாகப் பிள்ளையை இழுத்தெடுத்தார். அடுத்த நிமிஷமே கூரை இடிந்து விழுந்தது. சகரியா 3:2ல் சொல்லப்பட்ட கொள்ளியைப் போலத் தேவன் தன்னைத் தப்புவித்தார் என்பதை வெஸ்லி ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

வளர்ந்து ஆக்ஸ்போர்டில் படித்தார். 1728ல் குருப்பட்டம் பெற்றார். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், அதிகாலை ஜெபம், சிறைச்சாலை ஊழியம், ஏழைகளுக்கு உதவி என்று அவரும் அவருடைய தம்பி சார்லஸும் நண்பர்களும் ஒழுங்கு தவறாமல் வாழ்ந்தார்கள். மற்ற மாணவர்கள் கேலி பண்ணி வைத்த பேர்தான் மெதடிஸ்ட். வெளியே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே?

அது கடலில்தான் வெளிப்பட்டது, பிரியமானவர்களே. 1735 அக்டோபரில், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஊழியம் செய்யக் கப்பல் ஏறினார். அதே கப்பலில் 26 ஜெர்மானிய விசுவாசிகள் இருந்தார்கள். மொரேவியர் என்று அவர்களுக்குப் பேர். மற்றவர்கள் செய்யக் கூச்சப்படுகிற வேலையையெல்லாம் கூலி வாங்காமல் செய்தார்கள். யாராவது தள்ளினாலும் அடித்தாலும் எதிர்த்துப் பேசாமல் எழுந்து போனார்கள். அவர்களோடு பேசவேண்டும் என்று வெஸ்லி ஜெர்மன் பாஷை படிக்க ஆரம்பித்தார்.

வழியில் புயல்மேல் புயல். ஒவ்வொரு தடவையும் வெஸ்லி பயந்தார். சாக எனக்கு மனசில்லையே, எனக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். 1736 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மானியர் ஆராதனை ஆரம்பித்து சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது பெரிய அலை வந்து கப்பலை மூடியது. பெரிய பாய் துண்டு துண்டாகக் கிழிந்தது. தண்ணீர் உள்ளே கொட்டியது. ஆங்கிலேயர் பக்கம் ஒரே கூக்குரல். அந்த ஜெர்மானியரோ பாட்டை நிறுத்தவேயில்லை! ஆராதனை முடிந்ததும் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார். உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று கேட்டார். அவர்களும் சாகப் பயப்படுவதில்லை என்று அமைதியாகப் பதில் வந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். குருப்பட்டம் பெற்றவர், உபவாசம் பண்ணுகிறவர், மிஷனெரியாகப் போகிறவர், சாகப் பயப்படுகிறார்! என் கதையும் அதுதானே?

ஜார்ஜியாவில் இறங்கியதும் மொரேவிய ஊழியர் ஸ்பாங்கன்பர்க், இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா என்று கேட்டார். உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. உம்மை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டபோது தடுமாறிப்போனார். அந்த ஊழியமும் தோல்வியில் முடிந்தது. 1737 டிசம்பரில் கசப்போடு புறப்பட்டு, 1738 பிப்ரவரியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். மற்றவர்களை மனந்திருப்பப் போனேனே, என்னை யார் மனந்திருப்புவது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தன் பயத்தை அவர் மூடி மறைக்கவில்லை பாருங்கள்.

அப்போதுதான் பீட்டர் போலர் என்ற இன்னொரு மொரேவியரைச் சந்தித்தார். விசுவாசம் இல்லாத நான் பிரசங்கிக்கலாமா, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். நிறுத்தக்கூடாது, விசுவாசம் கிடைக்கும்வரைக்கும் விசுவாசத்தையே பிரசங்கியும், கிடைத்த பிறகு அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்பது போலரின் ஆலோசனை.

1738 மே 24 சாயங்காலம், மனசில்லாமலே லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும். வெஸ்லியின் இருதயம் அனலானது. கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன், என் பாவங்களையே அவர் எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் உள்ளே வந்தது. அல்லேலூயா!

அதற்குப் பிறகு பயமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 1739 ஜனவரியிலும்கூட, நான் கிறிஸ்தவனே அல்ல என்று எழுதியிருக்கிறார். ஆனால் பயம் போன பிறகு கீழ்ப்படியலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஒயிட்ஃபீல்டு என்ற நண்பர் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பிரசங்கிக்க அழைத்தார். கோவிலுக்கு வெளியே பிரசங்கிப்பது பாவம் மாதிரி நினைத்து வளர்ந்தவர் வெஸ்லி. கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஏப்ரல் 2ஆம் தேதி வெளியே போய் நின்றார். சுமார் 3,000 பேர் கேட்டார்கள்.

1743 அக்டோபர் 20ஆம் தேதி வெட்னஸ்பரி என்ற ஊரில் ஒரு கலகக் கூட்டம் அவர் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்தது. கொட்டுகிற மழையில், இருட்டில், அவரை நீதிபதி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நீதிபதி படுத்துவிட்டார் என்று பதில் வந்தது. இன்னொரு நீதிபதியிடம் போனார்கள்; அவரும் படுத்துவிட்டாராம்! பக்கத்து ஊர் வால்சாலிலிருந்து வேறொரு கூட்டமும் வந்து சேர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் தடியால் பலமுறை ஓங்கினான். ஒன்றும் தலையில் படவில்லை. மார்பிலும் வாயிலும் அடி விழுந்தது, ரத்தம் வந்தது. வெஸ்லி சத்தமாய் ஜெபித்தார். கலகக்காரருக்குத் தலைவனாய் வந்த மல்யுத்தக்காரனே மனம் மாறி, உம்மை யாரும் தொட விடமாட்டேன் என்று சொல்லி, அவரைப் பத்திரமாய்க் கொண்டுபோய் விட்டான். பிறகு அவன் மெதடிஸ்ட் சங்கத்திலேயே சேர்ந்தான். அன்று வெஸ்லிக்கு ஆன நஷ்டம், அங்கியில் ஒரு துண்டும் கையில் கொஞ்சம் தோலும்தான். கப்பலில் நடுங்கிய அதே மனிதர்தான் இவர்!

சுமார் நாலு லட்சம் கிலோமீட்டர் பிரயாணம், 40,000 பிரசங்கங்கள் என்று அவருடைய ஊழியத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். சாவதற்கு ஆறு நாள் முன்புகூட, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். 1791 மார்ச் 2ஆம் தேதி, 87ஆம் வயதில் லண்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்கு முந்தின நாள், எழுந்து உட்காரவும் பெலனில்லாதபோது, திடீரென்று பாட ஆரம்பித்தார். ஆம் தேவபிள்ளைகளே, புயலில் பாடிய ஜெர்மானியரைப் பார்த்து வியந்தவர், 55 வருஷம் கழித்துத் தன் மரணப்படுக்கையில் தானே பாடினார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். தைரியம் என் ஊழியத்துக்குக் கிடைக்கும் கூலி அல்ல. இயேசு என்னை மன்னித்து ஏற்றுக்கொண்டார் என்ற நிச்சயத்திலிருந்து பிறக்கிறது. நடுக்கத்தோடாவது அடுத்த அடி எடுத்துவைக்கும்போது வளருகிறது. 2 தீமோத்தேயு 1:7ஐ எடுத்து முழங்காலில் நின்று வாசித்துப் பாருங்கள்.

அன்று ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கும் பயமாத்தாங்க இருக்கு என்றாள் அவள். இரண்டு பேரும் கை கோர்த்து ஜெபித்தோம். அன்றைக்குத் தூங்கினேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது என் ஆபரேஷன் நடந்திருக்கும். அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. யாருடைய கையில் இருக்கிறேன் என்பது தெரியும். உங்களில் யாராவது பயத்தை மறைத்துக்கொண்டு சபையில் சிரித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே கர்த்தரிடம் சொல்லுங்கள். கூட ஜெபிக்க ஒருவரிடமும் சொல்லுங்கள். எனக்காகவும் ஜெபியுங்கள். ஆமென்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்