கரிவரதன்: பிறர் ஓட்ட வண்டி கட்டியவர்



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, இந்தச் சந்திப்பு மலருக்கு மறைந்த பெரிய மனிதர் யாராவது ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். காந்தி, காமராஜர், கலாம் எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். நீ மெக்கானிக்கல் ஆளாச்சே, இன்ஜின் சம்பந்தப்பட்டவராகப் பார்த்து எழுது என்றார். நான் யோசிக்கவே இல்லை. கோயமுத்தூர் எஸ். கரிவரதன் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அதனாலேயே இந்தக் கட்டுரை அவசியம் என்று பட்டது.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு வரதன் என்ற பெயர் புதிதல்ல. கரி என்றால் யானை. யானைக்கு அருள் செய்த பெருமாள் கரிவரதன். ஆனால் பந்தய உலகத்தில் அவரை எல்லோரும் கூப்பிட்டது 'கரி' என்றுதான். படிப்பு முடிந்து முதல் வேலைக்காகக் கோவைக்குப் போனபோது, செட்டிபாளையம் பக்கம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்து, அடுப்புக்கரிக் கம்பெனியோ என்று நினைத்த மேதாவி நான். கூட வேலை பார்த்த கோவை நண்பர் தலையில் அடித்துக்கொண்டு அன்று சாயங்காலம் சொன்ன கதைதான், நான் பிறகு தேடித் தேடிப் படித்ததற்கெல்லாம் ஆரம்பம்.

கரிவரதன் பிறந்தது பணக்கார வீட்டில். 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ், கோவையின் பேர்போன பஞ்சாலை. அந்தக் குடும்பத்துப் பிள்ளை இவர். மில்லைப் பார்த்துக்கொண்டு, நாலு பேர் கும்பிடு போட சௌக்கியமாக இருந்திருக்கலாம். ஆனால் மனசு போனது இன்ஜின் சத்தத்தின் பின்னால். கோவை மண்ணுக்கே அந்தக் குணம் உண்டுதானே! பம்பு செட், மோட்டார், பஞ்சாலை இயந்திரம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, தானே வார்த்து, தானே கடைந்து செய்து பழகிய ஊர் அது.

அந்தக் காலத்தில் தென்னாட்டில் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்த பிறகு, 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. நாடெங்கிலுமிருந்து பைக்குகளும் கார்களும் வந்து சேரும். வெயிலில், புழுதியில், திருவிழாக் கூட்டம். கரிவரதன் அங்கே ஓட்டினார், பெயரும் வாங்கினார். இதோடு நின்றிருந்தால் வேகமாகக் கார் ஓட்டிய பணக்காரர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். நானும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சோழவரத்தில் அவர் கண்ணில் பட்டது வேறு ஒன்று. 1991-க்கு முந்தைய இந்தியாவில் வெளிநாட்டுப் பந்தயக் கார் கொண்டுவர வேண்டுமென்றால் லைசென்ஸ், சுங்க வரி என்று சொத்தையே எழுதிக்கொடுக்க வேண்டும். மகாராஜாக்களுக்கும் ஆலை அதிபர்களுக்கும்தான் அது கட்டும். உள்ளூர்ப் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முன்னால் போகிற கார் ஜெயிப்பது ஓட்டுகிறவனின் திறமையாலா, அவன் அப்பாவின் பர்ஸாலா என்று சொல்லவே முடியாது!

கரிவரதன் செய்த காரியம் இங்கேதான் தொடங்குகிறது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருஷத்தில் அதன் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்க ஆரம்பித்தது. 1980-களின் கடைசியில், அந்தக் காரின் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் வைத்து, ஒரே ஒருவர் உட்காரும் பந்தயக் காரை அவர் வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி.

ஜூனியர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கவும். மாருதி 800-ல் இன்ஜின் முன்னால், குறுக்குவாட்டில் இருக்கும். கியர் பாக்ஸும் அதோடு ஒட்டிக்கொண்டு, முன் சக்கரத்தையே சுழற்றும். பந்தயக் காருக்கோ பின் சக்கரம் இழுக்க வேண்டும், எடை நடுவில் இருக்க வேண்டும். அந்த மொத்த அமைப்பையும் அப்படியே கழற்றி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால் முன் சக்கர வண்டி பின் சக்கர வண்டி ஆகிவிடும். புதிதாக கியர் பாக்ஸ் வார்க்க வேண்டாம். சுற்றிலும் இரும்புக் குழாய்களை வெல்டு செய்த கூடு, மேலே ஃபைபர் கண்ணாடி உடல். நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் செய்த அதே குழாய் வெல்டிங்தான்! கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். நல்ல டிசைன் எல்லாமே அப்படித்தான் தோன்றும்.

இன்ஜின் சின்னதுதான். ஆனால் எல்லோருக்கும் அதே இன்ஜின், அதே கூடு. உடைந்தால் பக்கத்து ஊர்க் கடையில் பாகம் கிடைக்கும். ஆகவே முதலில் வருபவன் தன் கையாலும் காலாலும் தலையாலும் ஜெயித்தவன். திறமையை அளக்க ஒரு தராசு கிடைத்தது. 1990 வாக்கில் சோழவரத்தின் இடத்தை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் பிடித்தபோது, அங்கே இந்தக் கார்கள் ஓடின. கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இப்படிப்பட்ட ஒரு ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஜே. ஆனந்த் போன்றவர்கள் கரிவரதனிடம் பழகி, ஓட்டுநராக வளர்ந்து, பிறகு தாங்களே பந்தயக் கார் கட்டுபவர்களாகவும் ஆனார்கள்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் அப்பா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் ஒரு பையன் இருந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் அந்தப் பையன் நான்தான். புடவையைப் பார்த்தவர்கள் அப்பாவைப் பாராட்டுவார்கள், பக்கத்தில் இருந்தவனை யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்கு ரொம்பக் கோபமாக இருக்கும். நடுவில் உட்கார எல்லா வசதியும் இருந்தும், தானாகவே பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் கரிவரதன். இது எவ்வளவு பெரிய மனசு என்று இப்போதுதான் புரிகிறது.

1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயது. நாராயண் ஃபார்முலா ஒன்னுக்குப் போனது பத்து வருஷம் கழித்து. அதை அவர் பார்க்கவில்லை. 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த ஓடுதளத்துக்குக் கோவைக்காரர்கள் அவர் பெயரை வைத்தார்கள். சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சின்னப் பையன்கள் கோ-கார்ட் ஓட்டவும், தேசியப் போட்டிகள் நடக்கவும், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவந்து போட்டி போடவும் அது இடம் கொடுக்கிறது.

'ஸ்பீட்வே' என்ற சொல்லுக்கு பிரிட்டனில் வேறு அர்த்தம். அங்கே அது மண் தரையில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். 500 சி.சி. பைக், ஒரே கியர், பிரேக்கே கிடையாது! நாலு பேர், நாலு சுற்று. 1928 பிப்ரவரியில் லண்டன் பக்கத்தில் ஹை பீச் என்ற இடத்தில் நடத்தியபோது, எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்துவிட்டதாம். வார நாளில் மெக்கானிக் வேலை, பெயின்ட் வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் அப்பாவின் வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. ஆனால் ஓடுதளங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 2023-ல் மட்டும் பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் இரண்டும் போயின. ஏழை பணக்காரன் எல்லோரும் ஆட வேண்டுமென்றால் ஒரு விளையாட்டுக்கு இரண்டு வேண்டும்: கைக்கு எட்டுகிற வண்டி, ஓட்ட ஒரு பத்திரமான இடம். எந்த நாடானாலும் கணக்கு இதுதான்.

அந்த இரண்டாவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாங்கள் நாலைந்து பேர் பஸ் பிடித்து இருங்காட்டுக்கோட்டைக்கு பைக் பந்தயம் பார்க்கப் போவோம். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். குட்டி யானை வண்டியில் பைக்கைக் கட்டிக்கொண்டு வந்து, அங்கேயே தார்ப்பாய் விரித்துத் தூங்கி, ஒரே வார இறுதியில் தேய்ந்துவிடும் டயருக்காகச் சம்பளத்தைக் கொட்டுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலி அறுந்து, கடைசி வரிசையில் இருந்து தள்ளிக்கொண்டு திரும்பியவன்கூடச் சிரித்துக்கொண்டுதான் வந்தான். கிடைப்பது ஒரு சின்னக் கோப்பையும் தட்டிக்கொடுக்கிற நாலு கையும்தான். அதுவே போதும் என்று இருந்தார்கள்.

நாங்கள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொண்டோம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பெங்களூர் ஹைவேயில் பந்தயம் விட்டோம். ஒருநாள் சுங்குவார்சத்திரம் தாண்டி, திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரியின் பின்னால் என் ரூம்மேட் போய் மோதினான். தொடை எலும்பு இரண்டாக உடைந்தது. ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. லேத்தில் எங்கள் எல்லோரையும்விடக் கைத்தேர்ந்தவன் அவன். அந்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ எதற்கும் அவனால் வர முடியவில்லை. இன்று நல்ல நிலையில் இருக்கிறான், சந்திப்புக்கும் வருகிறான். கொஞ்சம் சாய்ந்து நடப்பவன் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதை எழுத அவன் அனுமதி கொடுத்தான். எழுதலைன்னாதான் கோச்சுக்குவேன் என்றான்.

ஓடுதளத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு உயிர்கள் போயின. ஒருவர் 59 வயது அனுபவசாலி, இன்னொருவர் 13 வயதுச் சிறுவன். அந்தச் சிறுவனை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. எந்த வயதில் எவ்வளவு வேகம் என்ற கேள்வியை இந்த விளையாட்டு தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனாலும் அங்கே டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, கொடி காட்டுகிறவர் உண்டு, எதிரே லாரி வராது. ஹைவேயில் இவற்றில் ஒன்றுமே கிடையாது. அதோடு, பந்தயத்துக்கே சம்பந்தமில்லாத யாரோ ஒரு பூக்காரம்மா குறுக்கே வருவார்.

போன மாதம் நம் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். நாலு தம்பிகளும் இரண்டு தங்கைகளும் குழாய் வெட்டி ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோவைக்கு, கரி பெயர் கொண்ட அதே ஓடுதளத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். டயருக்குக் காசில்லை, ஹெல்மெட் இரண்டுதான் இருக்கிறது, பாதியில் நிற்கிறது. கரி என்றால் யார் என்று கேட்டேன். ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சீனியர்களே, நாம் எல்லோரும் நடுவில் உட்கார்ந்து நெய்தாயிற்று, அவரவருக்கு ஒரு புடவை வந்தாயிற்று. இனி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரலாமே! ஆளுக்கு ஒரு டயர், ஒரு ஹெல்மெட், முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை வந்து வெல்டிங் சொல்லிக்கொடுத்தால் போதும். செயலாளர் அண்ணனிடம் பெயர் கொடுங்கள். என் ரூம்மேட் லேத் வேலைக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டான்.

தம்பி தங்கைகளே, வேகம் தப்பில்லை. அதை ஓட்டுகிற இடம்தான் முக்கியம். அந்தக் கார் ஓடுகிற அன்று கோவையில் நான் நிற்பேன். ஸ்டாப்வாட்ச் கொண்டுவருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி!

(கட்டுரையாளர் 2013-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர்)