கைத்திறம் காத்த கமலாதேவி

படித்துப் பெறுவது ஓர் அறிவு. கையால் செய்து பெறுவது மற்றோர் அறிவு. இவ்விரண்டும் ஒன்று சேரும்போதே கல்வி நிறைவு பெறுகின்றது. ஆயினும், ஏடு தாங்கும் கையை உயர்வாகவும் உளி தாங்கும் கையைத் தாழ்வாகவும் கருதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவி வந்தது. அவ்வழக்கத்தை மாற்றுதற்குத் தம் வாழ்நாளை ஈந்தவர்களுள் ஒருவர் கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையார்.

இளமைப் பருவம்

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். அன்னையார் கிரிஜாபாய் நூலறிவும் துணிவும் மிக்கவர். கமலாதேவி 7 வயதுச் சிறுமியாக இருந்தபோது தந்தையார் காலமானார். அவர் உயில் எழுதி வைக்கவில்லை. ஆதலின், அக்காலச் சட்டப்படி உடைமை முழுவதும் மூத்த தாரத்தின் மைந்தரைச் சேர்ந்தது. வாழ்க்கைச் செலவிற்கென அளிக்க முன்வந்த பொருளைக் கிரிஜாபாய் ஏற்க மறுத்தார். பெண்ணுக்கு உரிமையில்லாத நிலை எத்துணைக் கொடியது என்பதைச் சிறுமி கமலாதேவி அன்றே உணர்ந்தார்.

அக்கால வழக்கப்படி அவருக்கு இளமையிலேயே மணம் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் கணவரையும் இழந்தார். எனினும் அவர் மூலையில் முடங்கவில்லை. சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். அங்கிருந்தபோது, கவிக்குயில் சரோசினி தேவியாரின் இளவலான அரீந்திரநாதரை அறிந்து மணந்தார். கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் பழித்த காலம் அது. பழிச்சொற்களுக்கு அவர் அஞ்சினாரல்லர். பின்னர் இலண்டன் சென்று சமூகவியல் பயின்றார்.

உப்பும் உரிமையும்

காந்தியடிகளின் அழைப்பு அவரைத் தாய்நாட்டிற்கு மீட்டுக் கொணர்ந்தது. 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிட்டுச் சில வாக்குகளில் வெற்றியை இழந்தார். பெண்ணொருத்தி தேர்தலில் நிற்பது அந்நாளில் எவரும் எதிர்பாராத செயலாகும்.

1930ஆம் ஆண்டு உப்பு அறப்போர் தொடங்கியது. மரக்காணத்து உப்பளங்களில் வெண்குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் உப்பைக் காணும் மாணவர்க்கு, கடல்நீரைத் தாமே காய்ச்சி உப்பெடுப்பது ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது என்பது வியப்பளிக்கும். அப்போரில் பெண்கள் நேரே பங்கு கொள்வதைக் காந்தியடிகள் முதலில் விரும்பவில்லை. கமலாதேவி அவரைக் கண்டு பேசி இசைவு பெற்றார். பம்பாய்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சினார், அதனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் பங்குச் சந்தைக்குள்ளும் சென்று விற்றார், சிறை புகுந்தார். கையால் செய்யப்பெற்ற ஒரு சிறு பொருளுக்குள் எத்துணைப் பெரிய ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை நாடு கண்டது.

கைவினைக்குப் புதுவாழ்வு

1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. உடன் பிரிவினையும் நேர்ந்தது. வீடிழந்து வந்த பல்லாயிரவர்க்குக் கூட்டுறவு முறையில் வாழ்வளிக்க அம்மையார் முற்பட்டார். தில்லிக்கு அருகிலுள்ள பரீதாபாத்தில் குடியேறிய மக்கள், தம் கைத்தொழிலையே முதலாகக் கொண்டு மீண்டும் தலைநிமிர்ந்தனர்.

அந்நாளில் ஆலைப் பொருள்களின் பெருக்கத்தால் குயவரும், தச்சரும், நெசவாளரும் நலிந்து வந்தனர். 1952ஆம் ஆண்டு அனைத்திந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பெற்றபோது கமலாதேவி அதன் தலைமையை ஏற்றார். ஊர்தோறும் சென்று, மறைந்து கொண்டிருந்த கலைகளைத் தேடிக் கண்டார். 1964ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கைவினை மன்றம் தோன்றவும் அவரே காரணமாயிருந்தார்.

பாவைகளும் பள்ளியும்

அம்மையார் நாடகத்திலும் ஈடுபாடு மிக்கவர். உயர்குடிப் பெண்கள் மேடையேறுதல் தகாது என்று கருதப்பட்ட காலத்தில் தாமே நடித்தவர். அவர் நிறுவிய பாரதிய நாட்டிய சங்கம், உலக நாடுகளின் பொம்மலாட்டங்களைப் பற்றி 1960ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது.

பொம்மலாட்டம் நம் தமிழகத்தின் தொன்மையான கலை. கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவரும் உவமையாகக் காட்டியுள்ளார். கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிய பாவைகளை நம் கலைஞர்கள் ஆட்டுவர். சில பாவைகள் 4½ அடி உயரமும் 10 கிலோ எடையும் உடையன. கயிறுகளைப் பிணைத்த இரும்பு வளையத்தைக் கலைஞர் தம் தலையில் அணிந்து, கைகளில் கோல்களைப் பற்றிப் பாவையை ஆட்டுவார். தந்தையிடமிருந்து மைந்தன் கற்று வந்த இக்கலை, மைந்தர்கள் வேறு தொழில் நாடவே தளரலாயிற்று. வீட்டில் அறுந்த சங்கிலியை எங்கே இணைப்பது? அதற்குரிய இடங்களுள் ஒன்று பள்ளிக்கூடம்.

கமலாதேவி அம்மையாரும் கபிலா வாத்சியாயன் அம்மையாரும் முன்னின்று உழைத்ததன் பயனாக, 1979ஆம் ஆண்டு தில்லியில் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் தோன்றியது. இந்நிறுவனம் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பள்ளி ஆசிரியர்களை வரவழைத்துக் கலைப்பயிற்சி அளித்து வருகின்றது. அப்பயிற்சிகளுள் பாவை செய்தலும் ஒன்று. கையுறைப் பாவை, கோற்பாவை, கயிற்றுப் பாவை, நிழற்பாவை என்னும் நால்வகைப் பாவைகளையும் ஆசிரியர்கள் தம் கைகளாலேயே செய்து, கதை எழுதி, ஆட்டிப் பழகுகின்றனர். பின்னர்த் தம் வகுப்பறைகளுக்கு அக்கலையை எடுத்துச் செல்கின்றனர்.

கையுறைப் பாவை செய்தல் எளிது. பழைய செய்தித்தாளை நீரில் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, வெந்தயத்தை அரைத்துச் சேர்க்க வேண்டும். அக்கூழால் தலையை உருவாக்கி, கழுத்தில் விரல் நுழையத் துளை விட்டு, வெயிலில் உலர்த்தி வண்ணம் தீட்ட வேண்டும். துணியில் சட்டை தைத்துக் கழுத்தில் இணைத்தால் பாவை ஆயத்தமாகும். சுட்டுவிரல் தலையை அசைக்கும்; பெருவிரலும் நடுவிரலும் கைகளாகும். அளத்தலில் கணக்கும், கதையில் மொழியும், வண்ணத்தில் ஓவியமும் குழந்தைக்குப் பழகிவிடுகின்றன. வகுப்பில் வாய் திறக்க நாணும் குழந்தையும் திரைக்குப் பின் நின்று பாவையின் வாயிலாக அச்சமின்றிப் பேசும்.

மரக்காணம் கடற்கரைப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளிக்கும் இக்கலை எட்டாததன்று. காகிதமும், களிமண்ணும், தையற்காரர் கழித்த துணித்துண்டும் எங்கும் கிடைக்கும். அங்குள்ள பிள்ளைகள் அரசனையும் அரசியையும் மட்டுமன்றி, வலை வீசும் மீனவரையும் உப்புப் பாத்தியில் உழைக்கும் பெண்ணையும் பாவைகளாகச் செய்யலாம். தம் பெற்றோரின் உழைப்பைத் தம் கையால் உருவாக்கிப் பார்க்கும் பிள்ளை, அவ்வுழைப்பை ஒருநாளும் இழிவாக எண்ணாது.

நிறைவு

கமலாதேவி அம்மையாருக்கு 1955ஆம் ஆண்டில் பத்மபூசண் விருதும், 1966ஆம் ஆண்டில் மகசேசே விருதும், 1987ஆம் ஆண்டில் பத்மவிபூசண் விருதும் வழங்கப்பெற்றன. 1988ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். விருதுகளினும் சிறந்த நினைவுச்சின்னம் ஒன்று அவருக்கு உண்டு. பள்ளிச் சிறுவன் ஒருவன் தான் செய்த பாவையைக் கையில் மாட்டி, அது தலையசைப்பதைக் கண்டு மகிழ்கின்றானே, அம்மகிழ்ச்சியே அது. கையால் ஆக்கும் தொழில் எதுவும் தாழ்ந்ததன்று என்பதை உணர்ந்து ஒழுகுதலே நாம் அவருக்குச் செய்யும் நன்றியாகும்.