நாட்டின் வருவாயை எண்ணிய நல்லறிஞர்

டாக்டர் பட்டத்தைப் பெயருக்கு முன் பூணும் அணிகலனாகவே பலர் கருதுவர். நாட்டு மக்களின் வறுமையை அளந்து உலகின் முன் வைக்கவும் அப்பட்டம் பயன்படும் எனத் தம் வாழ்வால் காட்டியவர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் அவர்கள். போனக்காட்டு மலையிலிருந்து இறங்கிக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் தோட்டத் தமிழரின் பிள்ளைகள் பொருட்டு, அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் என்பது அவருடைய முழுப்பெயர். 1908-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் காஞ்சி மாநகரில் பிறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். கெயின்ஸ் பெருமகனார் பொருளியல் போதித்த காலம் அது. காலின் கிளார்க் என்னும் புள்ளியியல் அறிஞரும் அங்கு இருந்தார். 1931-32-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் வருவாய் எவ்வளவு என்பதையே ராவ் அவர்கள் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

இது எளிய செயல் அன்று. தோட்டத்துச் செக்ரோலில் பெயருள்ள தொழிலாளியின் கூலி தெரியும். கூடை முடைபவன், விறகு சுமப்பவள், தெருவில் மோர் விற்பவள் ஆகியோரின் வருமானம் எவருடைய ஏட்டில் இருக்கிறது? ஆகவே அவர் இருவழிகளை இணைத்தார். பயிர், கால்நடை, காடு, சுரங்கம் ஆகியவற்றில் விளைந்த பொருளின் மதிப்பைக் கணக்கிட்டார். கைத்தொழில், வாணிகம், அரசுப்பணி முதலியவற்றில் மக்கள் ஈட்டிய வருமானத்தைக் கணக்கிட்டார். இரண்டையும் கூட்டி நாட்டின் வருவாயைக் கண்டார்.

இத்தகைய கணக்கில் வழுக்குமிடங்கள் பல. நமக்குப் பழகிய தேயிலையையே எடுத்துக்கொள்வோம். பறித்த கொழுந்தின் மதிப்பை ஒருமுறையும், ஆலையில் முடிந்த தூளின் முழு மதிப்பை மறுமுறையும் கூட்டினால், ஒரே பொருள் இருமுறை எண்ணப்படும். ஒரே மூட்டையை இரண்டு நிலையங்களும் தத்தம் வரவாகக் காட்டினால் இரயில்வேயின் கணக்கு என்னாகும்? அதுபோலவே இதுவும். இனி, இலண்டன் பங்குதாரருக்குச் செல்லும் இலாபத்தையும் கழித்தல் வேண்டும். இங்கே விளைந்ததெல்லாம் இங்குள்ளோர்க்கு வந்ததாகாது.

இங்ஙனம் முயன்று அவர் கண்ட முடிவு, ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 62 ரூபாய் என்பதாகும். திங்களுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றே மிகுதி! முன்னர் தாதாபாய் நௌரோஜி அவர்கள் 1867-68-க்கு 20 ரூபாய் என மதிப்பிட்டிருந்தார். விலைவாசி வேறாகையால் இரண்டையும் நேராக ஒப்பிடலாகாது. எனினும், அயலாட்சியில் இந்தியா செழித்தது என்பார்க்கு எண்ணாலேயே விடையளிக்கும் மரபு நௌரோஜியிடம் தொடங்கி ராவிடம் முதிர்ந்தது. 1937-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. 1940-இல் ஆய்வு நூலாக வெளிவந்தது.

விடுதலைக்குப் பின் 1949-இல் இந்திய அரசு அமைத்த தேசிய வருமானக் குழுவில் மகலனோபிஸ் தலைவர். காட்கில், ராவ் இருவரும் உறுப்பினர். கைவசமிருந்த புள்ளிவிவரங்கள் போதாமை அக்காலத்தில் நன்கு உணரப்பட்டது. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தோன்றியது. ராவ் அவர்கள் 1949-இல் டெல்லிப் பொருளாதாரப் பள்ளியையும், 1958-இல் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தையும், 1972-இல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தையும் கண்டார். டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் நடுவண் அமைச்சராகவும் விளங்கி, 1991-இல் மறைந்தார். தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்கும் நாட்டிச் சென்ற பெருந்தகை அவர்.

டெல்லிப் பள்ளியில் பேராசிரியராயிருந்த கே. என். ராஜ் அவர்கள் 1970-இல் திருவனந்தபுரத்து உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். இங்குள்ள பல்கலைக்கழகத்திலோ 1945 முதலே புள்ளியியல் துறை உண்டு. ராவ் அவர்கள் கடல் கடந்து தேடிய கல்வி, நமக்கு மலையடிவாரத்திலேயே கிட்டுகிறது.

அன்பர்களே! போனக்காட்டில் ஆலை ஓய்ந்தது, செக்ரோலும் மூடிற்று. பலர் ஊர் பெயர்ந்தனர். சிலர் லயங்களிலேயே தங்கினர். கேரளத்தின் சராசரி வருமானம் உயர்ந்ததுதான். ஆனால் சராசரி என்னும் போர்வைக்குள் இக்குடும்பங்கள் மறைந்துவிடும். அப்போர்வையை விலக்கி அவர்களை எண்ணுவதற்கு, லயத்தில் பிறந்த பிள்ளையைவிடத் தக்கார் யார்? அப்பிள்ளைக்குப் புத்தகமும் கட்டணமும் கொடுத்து உதவுதல் நம் சங்கத்தின் கடனாகும். ராவ் அவர்களின் புகழ் வாழ்க! எண்ணும் எழுத்தும் நம் இளைஞரிடத்தே ஓங்குக!